கால் குளிருதா, வழுக்குதா, நனையுதா: விண்டர் பூட்ஸ்ல கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

நவம்பர் பாதி தாண்டினா போதும், டொராண்டோ, பிராம்ப்டன், மிஸ்ஸிஸாகா பக்கம் புதுசா வந்து இறங்கின நம்ம ஆளுங்க கேக்குற முதல் கேள்வி "எந்த பூட்ஸ் வாங்கலாம்". ஒரு பிராண்ட் பேரை சொல்லிட்டு போயிடலாம்தான், ஆனா கேக்குறவங்கள்ல பாதி பேர் வீட்ல ஏற்கனவே ஒரு ஜோடி இருக்கும், அது குளிருதுன்னு இன்னொண்ணு வாங்கியிருப்பாங்க, அதுவும் சரியில்லன்னு இப்ப மூணாவது தேடுறாங்க, கடைசியில 250 டாலர் குடுத்து எடுத்ததும் அதே மாதிரி குளிரும். கோளாறு என்னன்னே பாக்காம பொருளை மாத்திக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஆகும். கால் குளிருதுன்னு சொல்ற நிறைய பேருக்கு பூட்ஸ்ல பஞ்சு குறைச்சலே கிடையாது, உள்ள வேர்வை கட்டியிருக்கும், இல்ல இறுக்கமா இருக்கும், இல்ல அடிப்பக்கம் மெலிசா இருக்கும். இதுல எதுக்கும் இன்னும் தடியான பூட்ஸ் மருந்து இல்ல.

அதனால உங்க தொல்லை எதுவோ அதை கீழ தேடி அங்கேர்ந்து படிங்க. ஒரே ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், எந்த ஊர்ங்கறது ரொம்ப முக்கியம். டொராண்டோல ஜனவரி சராசரி மைனஸ் 4, 5 டிகிரி அளவுதான், அதாவது பகல்ல உருகும், ராத்திரி மறுபடி உறையும், ரோடு பூரா ஐஸ் உருகப் போடுற உப்பும், பாதி உருகின ஸ்னோ கொழகொழன்னு ஆன ஸ்லஷ்ஷும். வின்னிபெக்ல அதே ஜனவரி மைனஸ் 16 கிட்ட, அங்க ஸ்னோ காய்ஞ்ச மணல் மாதிரி நறநறன்னு இருக்கும், ஈரம் கம்மி, குளிர் கொடூரம். எட்மன்டன்ல இருக்கிற மச்சான் சொன்னான்னு டொராண்டோல அதே பூட்ஸ் வாங்கினா அவனுக்கு நல்லா உழைச்சது உங்களுக்கு தொல்லை குடுக்கலாம். நான் எழுதுறது பெரும்பாலும் தெற்கு ஒன்டாரியோ கணக்கு.

நடந்தா பரவாயில்ல, பஸ் ஸ்டாப்ல நின்னா பத்தே நிமிஷத்துல உள்ளங்கால் ஜில்லுங்குது

இது அடிப்பக்க பிரச்சனை. குளிர் மேலேர்ந்து வர்றத விட கீழேர்ந்துதான் ஜாஸ்தி வரும், உறைஞ்ச சிமெண்ட் தரை உங்க உள்ளங்கால் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதோட உங்க எடை மொத்தமும் பூட்ஸுக்குள்ள பாதத்துக்கு அடியில கிடக்கிற இன்சோலை நசுக்கிடுறதால அதுல இருக்கிற கொஞ்சநஞ்ச காத்தும் போயிடுது. மேல எவ்வளவு பஞ்சு வெச்சு தைச்சிருந்தாலும் கீழ அட்டை மாதிரி ஒரு இன்சோல் இருந்தா பிரயோஜனம் இல்ல, கடைக்காரன் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் மேல் பாகத்தை பத்தித்தான் பீத்திக்கும்.

பூட்ஸ் உள்ள கைய விட்டு இன்சோலை உருவுங்க. வெளிய வந்தா நல்லது, மாத்த முடியும். வெளிச்சத்துல பிடிச்சு குதிகால் விழுற இடத்தை ரெண்டு விரல்ல அமுக்கி பாருங்க, புதுசுல இருந்த தடிமன் போயி தோசை மாதிரி ஆயிருந்தா அதுதான் உங்க குளிர். கம்பளி ஃபெல்ட் இன்சோல், அடியில ஃபாயில் ஒட்டினது, 10 லேர்ந்து 20 டாலருக்குள்ள கிடைக்கும், பழசை எடுத்துட்டு இதை போடுங்க. பழசு மேலயே புதுசை வெச்சு திணிக்காதீங்க, அப்புறம் விரலுக்கு இடம் போயி கீழ சொல்லப்போற இறுக்க பிரச்சனைல மாட்டிக்குவீங்க.

வேர்ஹவுஸ் வேலைக்கு போறவங்க ஒண்ணு கவனிங்க. பச்சை முக்கோணம் போட்ட சிஎஸ்ஏ (கனடா தர முத்திரை) சேஃப்டி பூட்ஸ் போட்டுத்தான் ஆகணும்னா, விரலுக்கு மேல இருக்கிற ஸ்டீல் தொப்பி குளிரை நேரா உள்ள கடத்தும். கம்பெனி ஒத்துக்கிட்டா ஸ்டீலுக்கு பதிலா உலோகம் இல்லாத தொப்பி வெச்ச காம்போசிட் டோ வாங்குங்க, அதுக்கும் அதே பச்சை முக்கோணம் உண்டு, எடையும் கம்மி. லோடிங் டாக்ல ஒரே இடத்துல மணிக்கணக்கா நிக்கிற வேலையா இருந்தா, ஒரு அட்டைப்பெட்டிய பிரிச்சு போட்டு அது மேல நில்லுங்க, பாக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா எந்த காஸ்ட்லி சாக்ஸும் அந்த அளவுக்கு உதவாது.

வெளிய வந்ததும் கதகதன்னு இருக்கு, அரை மணி கழிச்சு திடீர்னு குளிருது

இதுதான் டொராண்டோவோட ஸ்பெஷல் வியாதி, இதுக்குத்தான் ஜனங்க தப்பான மருந்து வாங்குறாங்க. காலைல வீட்லேர்ந்து பஸ், பஸ்லேர்ந்து சப்வே, சப்வேக்குள்ள ஹீட்டர், அப்புறம் கூட்டத்துல நின்னு ஓடி ஏறி, இதெல்லாம் மைனஸ் 40 ன்னு போட்ட பூட்ஸ்ல. உள்ள கால் வேகுது. வேர்வை சாக்ஸ்ல இறங்கி ஊறிடும், அப்புறம் வெளிய வந்தீங்கன்னா ஈரத்துணிய காலில் சுத்திக்கிட்டு நடக்குற கதைதான்.

சந்தேகம்னா ஆபீஸ் போனதும் சாக்ஸை கழட்டி, விரல் நுனி பக்கம் கன்னத்துல ஒட்டி பாருங்க (யாரும் பாக்காதப்ப). கையில தெரியாத ஈரம் கன்னத்துல தெரியும். ஜில்லுனு இருந்துச்சுன்னா பூட்ஸ் குளிரலை, நீங்க வேர்த்திருக்கீங்க.

முதல்ல காட்டன் சாக்ஸை தூக்கி போடுங்க, ஊர்லேர்ந்து டஜன் கணக்குல கொண்டு வந்ததா இருந்தாலும் சரி. காட்டன் தண்ணிய குடிச்சிட்டு விடவே விடாது. மெரினோ கம்பளி கலந்தது வாங்குங்க, ஈரமானாலும் ஓரளவு சூடு பிடிக்கும், நாத்தமும் கம்மி. விலை பாத்தா கண்ணை கட்டும், ஒரு ஜோடி 20 டாலர் ஆகும், ஆனா மூணு ஜோடி இருந்தா ஒரு சீசன் ஓட்டிடலாம். பேக்ல ஒரு ஜோடி காய்ஞ்ச சாக்ஸ் எப்பவும் கிடக்கட்டும். ஆபீஸ்ல, காலேஜ்ல சாதா ஷூ ஒண்ணு வெச்சுக்கிட்டு போனதும் மாத்திடுங்க, நாள் பூரா விண்டர் பூட்ஸோட உக்காந்திருந்தா எந்த பூட்ஸும் உங்களை காப்பாத்தாது.

அடுத்து அந்த மைனஸ் 40 ஸ்டிக்கர். எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி சோதிச்சு போட்டே ஆகணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது, ஒவ்வொருத்தனும் அவன் அவன் வழியில ஒரு நம்பர் போடுறான். பெரும்பாலும் அது நடந்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கான நம்பர், நிக்கிற ஆளுக்கு இல்ல. ரெண்டு வேற வேற பிராண்டோட மைனஸ் 30 ம் மைனஸ் 40 ம் பக்கத்துல வெச்சு எது சூடுன்னு முடிவு பண்றது வேஸ்ட். அதை விட உள்ள என்ன பஞ்சு, எவ்வளவு கிராம்னு பாருங்க. தின்சுலேட்ங்கற பஞ்சுன்னா 200 கிராம், 400 கிராம்னு போட்டிருப்பான், அது பூட்ஸோட எடை கிடையாது, ஒரு சதுர மீட்டர் பஞ்சோட எடை. டொராண்டோல பஸ்ஸு சப்வேன்னு சுத்துற ஆளுக்கு 200 போதும், நாய் கூட்டிட்டு காலங்காத்தால நடக்கிறவங்க, வெளிவேலை பாக்குறவங்க 400 போகலாம், 800க்கு மேலன்னா அது ஐஸ் உடைச்சு மீன் பிடிக்கிறவங்க சமாச்சாரம். நம்மாளுங்க "எதுக்கும் இருக்கட்டும்"னு அதை போய் வாங்கிட்டு சப்வேல வெந்துட்டு கிடப்பாங்க.

உள்ள லைனர் தனியா கழட்டுற மாதிரி இருக்கிற பூட்ஸும் நிறைய இருக்கு, கீழ ரப்பர் மேல லெதர் உள்ள தடியா ஃபெல்ட் சாக்ஸ் மாதிரி ஒண்ணு. இந்த ஸ்டைலை பிரபலப்படுத்தின சோரல் இப்ப அமெரிக்கன் கம்பெனி கையில இருந்தாலும், அது ஆரம்பிச்சது இங்க ஒன்டாரியோல கிச்சனர்ல, காஃப்மன்னு ஒரு கம்பெனி 1962ல போட்டது, 2000ல அவங்க திவாலாகி கொலம்பியா அந்த பேரை வாங்கினாங்க. லைனர் கழட்ற பூட்ஸோட பெரிய சவுகரியம், ராத்திரி உருவி காயப்போடலாம். குறை என்னன்னா வெயிட், அதைப் போட்டுக்கிட்டு பஸ்ஸை பிடிக்க ஓடி பாருங்க தெரியும்.

ரெண்டு சாக்ஸ் போட்டும் விரல் மரத்துப்போகுது

ரெண்டு சாக்ஸ் போட்டும் இல்ல, ரெண்டு சாக்ஸ் போட்டதாலதான். விரலுக்கு சூடு போறது ரத்தம் வழியா, அதை நெருக்கிட்டா கம்பளி மலையையே சுத்தினாலும் சூடு வராது. அதோட பஞ்சுக்கு சூடே அதுக்குள்ள இருக்கிற காத்துதான், நசுங்கின பஞ்சு வெறும் துணி.

பூட்ஸை கழட்டினதும் காலை பாருங்க. சாக்ஸோட தையல் கோடு தோல்ல பதிஞ்சிருக்கா, சுண்டுவிரல் ஓரம் சிவந்திருக்கா, விரலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கிடக்கா? அப்ப இறுக்கம்தான். இன்னொரு வழி, இன்சோலை உருவி தரையில போட்டு அது மேல சாக்ஸோட நில்லுங்க. கால் அதோட ஓரத்தை தாண்டி பிதுங்கினா அந்த பூட்ஸ் உங்களுக்கு அகலம் பத்தாது, நீளம் சரியா இருந்தாலும். நம்ம ஊர்ல சின்ன வயசுலேர்ந்து வெறுங்காலும் செருப்புமா வளர்ந்த காலுக்கு முன்பாதம் நல்லா விரிஞ்சிருக்கும், இங்க டிஸ்ப்ளேல இருக்கிற நார்மல் அகலம் பிடிக்கும். வைடுன்னு கேளுங்க, ஆம்பளைங்களுக்கு இ, டபுள் இ ன்னு போட்டு வரும், கடையில இல்லன்னா ஆன்லைன்ல இருக்கும்.

சைஸ் குழப்பமும் பாதி இங்கதான் வருது. ஊர்ல நாம சொல்றது யூகே நம்பர், இங்க பெட்டியில இருக்கிறது யூஎஸ் நம்பர், ஆம்பளைங்களுக்கு ஏறக்குறைய ஒண்ணு கூட்டணும், பொம்பளைங்களுக்கு ரெண்டு. பாட்டால எட்டு போட்டவர் இங்கயும் எட்டே கேட்டு வாங்கிட்டு விண்டர் பூரா கால் மரத்து கிடப்பார். (பாட்டான்னதும் நம்மூர் கம்பெனின்னு நினைச்சிட்டிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அது செக் நாட்டு குடும்பம், யுத்தம் வர்ற நேரத்துல 1939ல கனடா வந்தாங்க, ஒன்டாரியோல பாட்டாவான்னு ஒரு ஊரே அவங்க பேர்ல இருக்கு, டொராண்டோ புளோர் ஸ்ட்ரீட்ல 1995ல திறந்த செருப்பு மியூசியமும் அவங்களோடதுதான். குளிர்ல சுத்த இடம் இல்லாதப்ப போயிட்டு வாங்க, துருவப்பகுதி ஜனங்க சீல் தோல்ல தைச்ச பூட்ஸெல்லாம் வெச்சிருக்காங்க.)

சரி, சாக்ஸ் ஒண்ணே போதும், தடியா ஒண்ணு. அதை போட்டுக்கிட்டு விரலை உள்ள மடக்கி நீட்ட முடியணும், நகத்துக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் சும்மா இருக்கணும். லேஸை கணுக்கால்ல வேணா இறுக்குங்க, பாதத்து மேல லூசா விடுங்க, இது ஒண்ணு பண்ணினாலே சில பேருக்கு தீர்ந்துடும், காசே செலவில்லாம.

இங்க சுகர் இருக்கிறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை, நம்ம வீட்டு பெரியவங்கள்ல பாதி பேர் இந்த கணக்குதான். நரம்பு மந்தமா இருந்தா குளிருதுங்கற சேதியே மூளைக்கு போகாது, பூட்ஸ் கடிச்சு புண்ணானது கூட தெரியாது. அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தா வெளிய போயிட்டு வந்ததும் அவங்க காலை நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க. யாருக்கா இருந்தாலும் விரல் வெளுத்து, இல்ல சாம்பல் பூத்த மாதிரி ஆகி, தொட்டா உணர்ச்சி இல்லாம கெட்டியா இருந்துச்சுன்னா அது பூட்ஸ் பிரச்சனை கிடையாது, அது ஃப்ராஸ்ட்பைட், குளிர்ல தோலும் சதையும் உறைஞ்சு போறது. தேய்க்கவே கூடாது, ஹீட்டர் கிட்ட காட்டக்கூடாது, 37 லேர்ந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில வெச்சுட்டு உடனே டாக்டரை பாருங்க.

வழுக்குது

குளிருனா சகிச்சுக்கலாம், விழுந்தா மணிக்கட்டு போகும், இடுப்பு போகும். டொராண்டோல பூட்ஸ் பாக்குறப்ப நான் முதல்ல சோலைத்தான் திருப்பி பாப்பேன், சூடெல்லாம் அப்புறம்.

நிறைய பேர் பெரிய பெரிய கட்டை வெச்ச சோலை பாத்து "செம கிரிப்"னு வாங்கிடுறாங்க. அந்த கட்டை ஸ்னோவுக்கு நல்லது, ஸ்னோவை கவ்வும். ஆனா உங்களை தள்ளி விடுறது ஸ்னோ இல்ல, ஐஸ், அதுவும் மேல மெலிசா தண்ணி நிக்கிற ஐஸ். மைனஸ் 20ல ஐஸ் ஓரளவு சொரசொரன்னு கால் பிடிக்கும், பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்தாத்தான் கண்ணாடியில எண்ணெய் ஊத்தின மாதிரி ஆகும், டொராண்டோ பெரும்பாலும் பூஜ்யத்துக்கு பக்கத்துலயே கிடக்கு. வின்னிபெக்லேர்ந்து வந்தவனே இங்க வந்து விழுறதுக்கு காரணம் இதான். இந்த ஈர ஐஸ்ல கட்டை கவ்வுறதுக்கு ஒண்ணும் இல்ல, ரப்பரோட மெதுத்தன்மைதான் பேசும்.

கார் டயர் கணக்கேதான் இதுவும், குளிர்ல ரப்பர் இறுகி பிளாஸ்டிக் மாதிரி ஆயிட்டா பிடிமானம் போச்சு. சோதனை சுலபம்: ராத்திரி பூட்ஸை பால்கனியில வெச்சுடுங்க, காலைல எடுத்ததும் சோல்ல கட்டைவிரல் நகத்தை அழுத்துங்க. நகம் கொஞ்சமாவது பதிஞ்சு மீண்டு வந்தா நல்ல ரப்பர். டக் டக்னு தட்டினா சத்தம் வருது, நகம் சறுக்குதுன்னா அந்த பூட்ஸ் ஸ்னோல போட்டோ எடுக்க மட்டும்தான் ஆகும். ஃபேஷன் பூட்ஸ்ல முக்காவாசி இந்த ரகம்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. டொராண்டோ ரீஹாப் ஆஸ்பத்திரியோட கைட் ஆராய்ச்சி நிலையத்துல விண்டர்லேப்னு ஒரு ரூம், தரை பூரா ஐஸ், அந்த ரூமையே சாய்க்க முடியும். மேல கயிறு கட்டின ஆளுங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு அந்த சரிவுல ஏறி இறங்குவாங்க, எத்தனை டிகிரி சாய்ச்சப்ப கால் சறுக்குதுன்னு பாப்பாங்க. 7 டிகிரி தாங்கினா ஒரு ஸ்னோஃப்ளேக், 11க்கு ரெண்டு, 15க்கு மூணு. 2016ல முதல் முதல்ல ரிசல்ட் வெளியிட்டப்ப 98 ஜோடி சோதிச்சதுல 90 சதவீதத்துக்கு மேல அந்த ஒரு ஸ்னோஃப்ளேக்கே வாங்கல, அதுல விலை கூடினதும் இருந்துச்சு. ரேட் மை ட்ரெட்ஸ்னு தேடினா அந்த லிஸ்ட் இலவசமா கிடைக்கும், வாங்க நினைக்கிற மாடல் அதுல இருக்கான்னு பாத்துட்டு போங்க. தேறினதுல பல சோலுங்க ரப்பருக்குள்ள நார், இல்ல சொரசொரப்பான துகள் கலந்த ரகம், வைப்ரம் ஆர்க்டிக் கிரிப், கிரீன் டைமண்ட் இந்த மாதிரி பேர்ல வரும். கையால தடவினாலே உப்புத்தாள் மாதிரி ஒரு உரசல் இருக்கும். ஐஸ் இல்லாத நாள்லயும் வெறும் சிமெண்ட்ல அதையே போட்டு நடந்தா அந்த சொரசொரப்பு தேய்ஞ்சு போயிடும், அதனால ஏப்ரல் வரைக்கும் இழுக்காதீங்க.

புதுசு வாங்க மனசில்லன்னா, ஷூ மேல மாட்டுற ஐஸ் கிளீட்ஸ் 20, 30 டாலர்ல கிடைக்கும், சின்ன சின்ன ஆணி வெச்ச ரப்பர் வலை. ரோட்ல நல்லா பிடிக்கும். ஆனா மால் டைல்ஸ்லயோ சப்வே படியிலயோ அதோட கால் வெச்சா ஐஸை விட மோசமா சறுக்கும், உள்ள நுழையும்போதே கழட்டிடணும். இந்த கழட்டி மாட்டுற வேலைக்கு சோம்பேறித்தனப்பட்டு விழுந்தவங்க நிறைய.

உப்பு போட்டிருக்கான்னு தைரியமா நடக்குறவங்களுக்கு: மைனஸ் 15க்கு கீழ போயிட்டா சாதா ரோட்டு உப்பு சரியா வேலை செய்யாது. அன்னைக்கு குட்டி குட்டி எட்டா வெச்சு, உடம்பை கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, பாதத்தை தட்டையா வெச்சு நடங்க. கையை பாக்கெட்லேர்ந்து எடுத்துடுங்க.

உள்ள நனையுது

எந்த இடம் நனையுதுன்னு பாக்காம வாட்டர்புரூஃப் ஸ்ப்ரே வாங்கி அடிக்காதீங்க. பூட்ஸ் உள்ள சுத்தி நியூஸ்பேப்பர் திணிங்க, பாத்டப்ல கணுக்காலுக்கு கீழ வரைக்கும் தண்ணி விட்டு பூட்ஸை கால் மணி நேரம் நிறுத்துங்க, மேல ஒரு வெயிட் வெச்சா மிதக்காது. எடுத்து பேப்பரை மெதுவா உருவினா எந்த இடம் கருத்திருக்கோ அங்கதான் ஓட்டை. பேப்பர் பூரா காய்ஞ்சு இருந்துச்சுன்னா பூட்ஸ் ஒழுகலை, ஒண்ணு ஸ்னோ மேல் வாய் வழியா விழுந்திருக்கு, இல்ல வேர்வை.

நாக்கோட ரெண்டு ஓரமும் நனைஞ்சிருந்தா, லேஸுக்கு அடியில இருக்கிற நாக்கு பக்கவாட்டுல தைக்காம தனியா தொங்குற டிசைன். அதை ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த தடவை நாக்கு ரெண்டு பக்கமும் மடிப்பா மேல வரைக்கும் தைச்சிருக்கிறதா பாத்து வாங்குங்க. சைடு ஜிப் வெச்சது போட கழட்ட சுகம், ஆனா ஜிப்புக்கு பின்னாடி தனி மடிப்பு இல்லன்னா ஸ்லஷ் அது வழியாவே வரும், உப்பு பட்டு ஜிப் துருவும் பிடிக்கும். மெழுகுவர்த்திய ஜிப் மேல தேய்ச்சு விட்டா இறுகாம ஓடும்.

ரப்பரும் லெதரும் சேருற தையல்ல ஒழுகுனா அது பரம்பரை வியாதி. எல் எல் பீன் கம்பெனி 1912ல இந்த ரப்பர் அடி, லெதர் மேல் டிசைனை முதல்ல வித்தப்ப 100 ஜோடியில 90 திரும்பி வந்துச்சாம், லெதர்லேர்ந்து ரப்பர் பிஞ்சு போச்சுன்னு, அவங்களே பெருமையா சொல்லிக்கிற கதை இது (காசை திருப்பி குடுத்துட்டு சரி பண்ணாங்களாம்). இன்னைக்கும் வளையுற இடத்துல அந்த தையல்தான் முதல்ல விடும். சின்னதா இருந்தா சீம் சீலர் பசை பூசி ஒரு நாள் காயவிட்டா ரெண்டு சீசன் கூட ஓடும், ரப்பர்லயே வெடிப்பு விட்டிருந்தா பசைக்கு செலவு பண்ணாதீங்க.

வாட்டர் ரெசிஸ்டன்ட்னு பெட்டியில எழுதியிருந்தா அது தூறலுக்கு. டொராண்டோ முக்குல தேங்கி நிக்கிற ஸ்லஷ் குட்டைய பாத்திருப்பீங்க, மேல சாம்பல் கலர்ல கெட்டி மாதிரி தெரியும், கால வெச்சா கணுக்கால் வரைக்கும் இறங்கும். அதுக்கு வாட்டர்புரூஃப் வேணும், கீழ்ப்பாகம் ரப்பரா இருந்தா இன்னும் உத்தமம், உயரம் கணுக்காலுக்கு மேல ஒரு ஜானாவது இருக்கட்டும்.

வெள்ளை வெள்ளையா கோடு விழுது

உப்பு. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, துணியில நனைச்சு துடைங்க, அப்புறம் வெறும் தண்ணியில ஒரு துடைப்பு, காய்ஞ்சதும் லெதர் கண்டிஷனர். வாராவாரம் பண்ணினா போதும். மார்ச்ல பாத்துக்கலாம்னு விட்டா லெதர் விறைச்சு மடிப்புல வெடிச்சிடும், அதுக்கப்புறம் வினிகர்ல குளிப்பாட்டினாலும் திரும்பாது.

கப்படிக்குது, காலைல போடும்போதே ஈரமா இருக்கு

ராத்திரி வந்ததும் அப்படியே வாசல் மேட்ல விட்டுட்டு போனா காயாது, உள்ள இருட்டு, காத்து இல்ல. இன்சோல், லைனர் எல்லாத்தையும் உருவி தனித்தனியா நிறுத்தி வைங்க, பூட்ஸ் வாய அகலமா விரிச்சு விடுங்க, உள்ள நியூஸ்பேப்பர் உருண்டை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மாத்துங்க. ஃபேன் காத்து போதும். ஹீட்டர் மேல மட்டும் வைக்காதீங்க, பேஸ்போர்ட் ஹீட்டர் பக்கத்துல ஒட்டி வெச்சா பசை இளகி சோல் வாய பிளக்கும், லெதர் அப்பளமாயிடும். நாத்தத்துக்கு பேக்கிங் சோடா ஒரு ஸ்பூன் உள்ள தூவி காலைல தட்டிடுங்க. அப்பவும் போகலன்னா இன்சோலை மாத்துங்க, நாத்தம் குடியிருக்கிறது அதுலதான்.

குதிகால் கடிக்குது

குதிகால் உள்ள தூக்கி தூக்கி இறங்குது, அதான் கொப்புளம். கணுக்கால் மடிப்புல இருக்கிற கொக்கியில லேஸை ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிட்டு மேல கட்டுங்க. லேஸே இல்லாத இழுத்து மாட்டுற பூட்ஸ்னா குதிகால் பேட் ஒட்டி பாருங்க, அதுக்கும் அடங்கலன்னா சைஸ் பெருசு, வேற வழியில்ல.

பிள்ளைங்க பூட்ஸ்

வளர்ற காலுன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க, தடுக்கி விழும், உள்ள காத்து சுத்தி குளிரவும் செய்யும். விரலுக்கு முன்னாடி ஒரு விரக்கடை இடம் போதும். பிள்ளையே மாட்டி கழட்டுற மாதிரி வெல்க்ரோ, கழட்டுற லைனர், ரெண்டுலயும் உள்ள பேர் எழுதுங்க, கிளாஸ்ல பாதிக்கு மேல ஒரே நீலம் ஒரே பிங்க். ஸ்கூலுக்குள்ள போட தனி ஷூ கேப்பாங்க, அதையும் சேத்து வாங்கிடுங்க.

போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, பெட்டியிலேர்ந்து எடுத்தா சோல் பொடிப்பொடியா உதிருது

இதை பாத்து ஏமாத்திட்டான்னு கடைக்காரனை திட்டாதவங்க இல்ல. நடு சோல்ல இருக்கிறது பாலியூரித்தேன், காத்துல இருக்கிற ஈரத்தோட சேந்து வருஷக்கணக்குல தானா சிதையும், ஹைட்ராலிசிஸ்னு பேர். போடாம வெச்சிருந்தாலும் சிதையும், போட்டு நடந்துக்கிட்டு இருந்தா கொஞ்சம் தாமதமாகும். கனடாலேர்ந்து ஊருக்கு திரும்பினவங்க சென்னை பரண்ல பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சுட்டு, நாலஞ்சு வருஷம் கழிச்சு மணாலி டிரிப்புக்கு எடுத்தா ஏர்போர்ட்லயே அடி கழண்டு வர்றது இதனாலதான், அந்த புழுக்கத்துல இன்னும் சீக்கிரம் நடக்கும். பசை போட்டு ஒட்டி பிரயோஜனம் இல்ல, ஒட்டுறதுக்கு அங்க பொருளே இல்ல. நல்ல லெதர் பூட்ஸா இருந்து சோல் மாத்துற வகையா இருந்தா செருப்பு ரிப்பேர் கடையில கேளுங்க, இல்லன்னா குப்பைதான். இனிமே வைக்கிறதுன்னா காய வெச்சு, கவர்ல கட்டாம, காத்தோட்டமா வைங்க.

எதுவும் சரிப்படல, புதுசுதான்

சாயங்காலம் போங்க, காலையில விட அப்ப கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். விண்டர்ல போடப்போற அதே தடி சாக்ஸை கையோட எடுத்துட்டு போங்க, கடையில குடுக்கிற மெலிசு சாக்ஸ்ல போட்டு பாக்குறது வீண். ரெண்டு காலும் போட்டு, படி இருந்தா இறங்கி பாருங்க, இறங்கும்போது விரல் முன்னாடி இடிச்சா அரை சைஸ் ஏத்துங்க. சோலை திருப்பி நகத்தை வைங்க, இன்சோலை உருவி பாருங்க, நாக்கோட ஓரத்தை இழுத்து பாருங்க, சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும்.

100 லேர்ந்து 180 டாலருக்குள்ள டொராண்டோக்கு தேவையானது எல்லாம் கிடைக்கும், மார்க்ஸ், கனேடியன் டயர் மாதிரி இடத்துல அடிக்கடி தள்ளுபடி வரும், பிப்ரவரில கிளியரன்ஸ் போடுவான், ஆனா அப்ப நம்ம சைஸ் இருக்காது, எட்டும் ஒன்பதும் முதல்ல காலியாகும். முதல் விண்டர்காரங்க பிப்ரவரிக்கு காத்திருக்காம பிளாக் ஃப்ரைடே சமயத்துல முடிச்சிடுங்க. செகண்ட் ஹேண்ட்ல பிள்ளைங்களுக்கு வாங்கலாம், பெரியவங்களுக்கு வேணாம், அடுத்தவங்க கால் அமுக்கின இன்சோலும் தேய்ஞ்ச சோலும்தான் வரும்.

வாங்கிட்டு வந்ததும் டேக்கை பிய்க்காம வீட்டுக்குள்ள கார்பெட் மேல ஒரு அரை மணி நேரம் போட்டு நடங்க, பாத்திரம் கழுவுங்க, போன் பேசுங்க. எங்கயாவது கடிச்சா அன்னைக்கே பில்லோட கொண்டு போய் மாத்திடுங்க, ஒரு தடவை உப்புல இறங்கிட்டா பெரும்பாலான கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க.